வெளியே விட்ட கோழிக்குஞ்சு தூங்கி நிற்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

புரூடரில் (விளக்கு மாட்டிச் சூடாக்கும் குஞ்சுப் பெட்டியில்) துள்ளிக்கொண்டிருந்த குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு மாற்றிய ஓரிரு நாளில் களை இழந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் பகீரென்று இருக்கும். உடனே கை போகும் இடம் விளக்கு. ‘குளிர் தாங்கவில்லை போல’ என்று மறுபடி மாட்டிவிடுவோம். சில சமயம் அது சரி. பல சமயம் அது நிலைமையை மோசமாக்கும். ஏனென்றால் குளிரில் விறைத்த குஞ்சு, வெயிலில் சோர்ந்த குஞ்சு, ரத்தக்கழிச்சல் தொடங்கிய குஞ்சு எல்லாமே தீவனத்தை விட்டுவிட்டு ஓரமாகத்தான் நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

## முதலில் ஒரு கேள்வி: எல்லாமா, ஒன்று மட்டுமா?

கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். கூட்டம் முழுவதும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் குறை இடத்தில் இருக்கிறது: வெப்பம், காற்று, ஈரம், தண்ணீர், இடநெருக்கடி இவற்றில் ஏதோ ஒன்று. மற்றவை ஓடியாட, ஒன்றோ இரண்டோ மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றால் குறை அந்தக் குஞ்சின் உடம்பில் இருக்கிறது. முதல் வகைக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை. இரண்டாம் வகைக்கு விளக்கு மாட்டி மட்டும் பயனில்லை.

இதைத் தெரிந்துகொள்ள கூண்டுக்குள் தலையை நீட்டக் கூடாது. ஆளைக் கண்டதும் நோய்ப்பட்ட குஞ்சும் நிமிர்ந்து நின்றுவிடும். பலவீனத்தைக் காட்டினால் ஆபத்து என்பது அதன் பிறவிக் குணம். சற்றுத் தள்ளி, அசையாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். எங்கே நிற்கின்றன, என்ன சத்தம் போடுகின்றன, எச்சம் எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் பாருங்கள். மெல்லிய முணுமுணுப்புச் சத்தம் என்றால் சுகமாக இருக்கின்றன. உச்சக் குரலில் விடாமல் ‘கீச் கீச்’ என்றால் ஏதோ குறை: குளிர், பசி, தாகம், கூட்டத்தை விட்டுப் பிரிந்த பயம், ஏதாவது ஒன்று.

இன்னொன்று. ஒரே நேரத்தில் நான்கை மாற்றாதீர்கள். விளக்கு, கூளம் (தரையில் பரப்பும் உமி, மரச்சீவல்), தீவனம், மருந்து எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றினால் குஞ்சு தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

## ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள்

பொரித்த குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் முழுமையாக வந்திருக்காது. அதனால்தான் முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் கொடுக்கிறோம். அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்தால் ஐந்தாறு வாரத்தில் 21 டிகிரிக்கு வந்துவிடும். பிறக்கும்போது இருந்த பஞ்சுத்தூவி உதிர்ந்து உண்மையான இறகு மூடுவதும் அந்த ஐந்தாறு வாரத்தில்தான். இரண்டும் சேர்ந்து முடிந்தால்தான் விளக்கில்லாமல் இரவைக் கழிக்கத் தயார் என்று சொல்லலாம்.

வயதை மட்டும் நம்ப வேண்டாம். குஞ்சைக் கையில் எடுத்து, பிடரியிலும் முதுகிலும் இறகை எதிர்த்திசையில் தள்ளிப் பாருங்கள். இறக்கையும் வாலும் சீக்கிரம் முளைத்துவிடும். அதைப் பார்த்து ஏமாறுவோம். கழுத்தும் முதுகும் கடைசியில்தான் மூடும். அங்கே இன்னும் பஞ்சு தெரிந்தால், அல்லது பென்சில் முனை போன்ற முளையிறகுகள் உறை விரியாமல் நின்றால், பகலில் வெளியே, இரவில் உள்ளே என்பதே கணக்கு. இறைச்சிக்காக வளர்க்கும் வேகமாகப் பருக்கும் இனங்களில் உடம்பு முந்திக்கொள்ளும், இறகு பின்தங்கும். சில்க்கி இனத்துக்கு வளர்ந்த பிறகும் இறகு பஞ்சு மாதிரியேதான் இருக்கும். மழைத்தண்ணீர் வழுக்கி ஓடாது, உள்ளே இறங்கிவிடும்.

## ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்குகின்றன, கத்துகின்றன

குளிர். இதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எந்தக் குளிர் என்பதுதான் கேள்வி.

வெப்ப மூலத்துக்கு நேர் கீழே எல்லாம் குவிந்திருந்தால் மொத்த வெப்பம் போதவில்லை. வெப்பத்தை விட்டு விலகி ஏதோ ஒரு மூலையில் குவிந்திருந்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதல் காற்று வருகிறது. இந்த இரண்டாவதைத்தான் நாம் தவறவிடுகிறோம். நாம் நின்றுகொண்டு பார்க்கிறோம். காற்று வருவதோ நம் கணுக்கால் உயரத்தில். வெப்பமானியை ஆணியில் மாட்டிப் பார்த்தால் 24 டிகிரி காட்டும், குஞ்சு நடுங்கும்.

இதற்கு ஒரு எளிய சோதனை. உதிர்ந்த சிறு தூவி ஒன்றை நூலில் கட்டி, குஞ்சின் முதுகு உயரத்தில் கூண்டின் நான்கு பக்கமும் பிடித்துப் பாருங்கள். தூவி ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் அங்கே வழி இருக்கிறது. கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி, பலகைகள் சேரும் மூலை, தரையோடு ஒட்டிய வலை, பெரும்பாலும் இவைதான். கீழே ஒரு முழ உயரத்துக்கு அட்டையோ பலகையோ வைத்து மறையுங்கள். மேலே மறைக்காதீர்கள். குஞ்சின் தலைக்கு மேலே காற்று போய்வர வழி இருக்க வேண்டும்; குளிருக்குப் பயந்து சாக்கைப் போட்டு மொத்தக் கூண்டையும் பொதிந்தால், மூச்சுக்காற்றின் ஈரமும் எச்சத்தின் நெடியும் உள்ளேயே தங்கிக் காலையில் வேறு வியாதியோடு எழுந்திருக்கும்.

தரையும் பார்க்க வேண்டும். வெறும் சிமெண்டோ கல்லோ இருந்தால் உட்காரும் வயிற்றிலிருந்து சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். உமியோ மரச்சீவலோ 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு, காய்ந்ததாக, போட்டாலே பாதி நெருக்கல் நின்றுவிடும்.

இரவில் நெருக்குவதுதான் மிகவும் ஆபத்து. குளிர்ந்தாலோ, திடீரென்று இருட்டானாலோ, வெளியே ஏதாவது சத்தம் கேட்டாலோ எல்லாம் ஒரே மூலைக்கு ஓடும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். காலையில் பார்த்தால் காயமே இல்லாமல் தட்டையாகக் கிடக்கும். மூலைகளை அட்டையை வளைத்து வட்டமாக்கிவிடுங்கள். நெருக்க மூலையே இருக்கக் கூடாது. புரூடரில் இரவெல்லாம் வெளிச்சத்தில் பழகிய குஞ்சுகளுக்கு வெளிக்கூண்டின் முழு இருட்டு புதிது. மாற்றுவதற்குச் சில நாள் முன்பே வெளிச்சத்தைக் குறைத்துப் பழக்கியிருந்தால் இந்தப் பீதி வராது. பழக்காமல் மாற்றியிருந்தால் முதல் சில இரவுகளுக்கு மங்கலான ஒரு விளக்கு எரியட்டும்.

வெப்ப விளக்கு தேவையே என்றால் ஒரு எச்சரிக்கை. மின்கம்பியில் மட்டும் தொங்கவிடாதீர்கள். சங்கிலியில் ஒன்று, அது அறுந்தால் தாங்க இன்னொன்று என்று இரட்டைப் பிடிப்பு வேண்டும். காய்ந்த கூளம், பறக்கும் தூவி, கீழே விழுந்த விளக்கு மூன்றும் சேர்ந்தால் கொட்டகையே போய்விடும்.

## வாயைத் திறந்து இளைக்கின்றன, இறக்கையை விரித்து நிற்கின்றன

வெயில் தாக்குகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சின் வழியாக ஈரத்தை வெளியேற்றித்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும்; அதனால் காற்றில் ஈரம் கூடுதலாக இருக்கும் நாளில் அதே வெப்பம் இன்னும் கொடுமையாகும். இறகு முளைத்த குஞ்சுகள் 30 டிகிரியைத் தாண்டினால் இளைக்கத் தொடங்கலாம். 35ஐத் தாண்டினால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிருக்குப் பயப்படுகிற அளவு நாம் வெயிலுக்குப் பயப்படுவதில்லை. என் கணிப்பில் வெளியே பழக்கும்போது கெட்டுப்போகும் காரியங்களில் இதுவே அதிகம் கவனிக்கப்படாதது. குளிர்ந்த குஞ்சு கத்தி ஊரைக் கூட்டும். சூடேறிய குஞ்சு சத்தமில்லாமல் படுத்துவிடும்.

நிழலைப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக் கூண்டை வைக்கும்போது மரநிழல் முழுவதும் மூடியிருக்கும். பதினொரு மணிக்கு அதே நிழல் இரண்டடி நகர்ந்திருக்கும், தண்ணீர் வைத்த பக்கம் வெயிலில் இருக்கும். குஞ்சு நிழலில் நிற்கும், தண்ணீர் வெயிலில் கொதிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரைக் கோழி விரும்பிக் குடிக்காது. ஆகவே வெயில் வந்தபின் எங்கே நிழல் இருக்கும் என்று பார்த்துத் தண்ணீரை வைக்க வேண்டும். கூண்டின் ஒரு பகுதியாவது நாள் முழுவதும் நிழலில் இருக்கும்படி மேலே ஒரு மறைப்பு வேண்டும். தகரக் கூரை என்றால் நிழல் இருந்தும் பயனில்லை. தகரம் வாங்கிய சூடு அப்படியே கீழே இறங்கும். கூரைமேல் ஓலையோ ஈரச் சாக்கோ போடுங்கள். கண்ணாடித் தொட்டி, பிளாஸ்டிக் பெட்டி, அட்டைப்பெட்டி இவற்றில் குஞ்சை வைத்து ‘கொஞ்சம் வெயில் படட்டும்’ என்று வெளியே வைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். தப்பி ஓட இடமில்லாத பெட்டி கொஞ்ச நேரத்திலேயே அடுப்பாகிவிடும்.

ஏற்கனவே தள்ளாடுகிறது என்றால் நிழலுக்குக் கொண்டுபோய், காலை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீரில் முழுதாக முக்கக் கூடாது; உடம்பு அதிர்ச்சியில் நின்றுபோகும். மெல்லிய காற்று படட்டும். தானாகக் குடிக்கத் தொடங்கினால் கோழிகளுக்கான தாது உப்புக் கரைசல் கலந்த தண்ணீர் கொடுக்கலாம். வெயில் நாளில் தீவனத்தைக் காலையிலும் மாலையிலும் வையுங்கள், உச்சிவேளையில் வேண்டாம். தீவனம் செரிப்பதும் உடம்புக்குள் சூட்டைக் கிளப்பும்.

## மழையில் நனைந்துவிட்டது, அசையவில்லை

குளிரை விட ஈரம் பொல்லாதது. பஞ்சுத்தூவிக்குள் அடைபட்ட காற்றுதான் குஞ்சின் போர்வை. தொப்பலாக நனைந்தால் அந்தக் காற்று போய்விடும். 25 டிகிரி நாளில்கூட நனைந்த குஞ்சு விறைத்துப்போகும்.

முதல் வேலை துடைப்பது. துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தலைமுடி உலர்த்தும் கருவி (ஹேர் டிரையர்) இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு கை தூரத்தில் பிடிக்கலாம். உங்கள் கையை நடுவில் வைத்துக்கொண்டால் சூடு அதிகமா என்று தெரியும். பிறகு பஞ்சு மொத்தமாக உப்பி வரும்வரை 32 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள பெட்டி. காலைத் தொட்டுப் பாருங்கள். விரல்கள் சில்லென்று இருக்கும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விறைத்த குஞ்சுக்கு விழுங்கத் தெரியாது, தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தானாக நிமிர்ந்து நின்றபின் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சர்க்கரை கலந்து, அலகு நுனியை மட்டும் நனைத்துக் காட்டினால் போதும்.

செத்துவிட்டது என்று தூக்கிப்போட அவசரப்படாதீர்கள். குளிரில் விறைத்துக் கண்மூடிக் கிடக்கும் குஞ்சு, சூடு கொடுத்து ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்பது உண்டு.

நனைந்தது மழையால்தானா என்றும் பாருங்கள். மழையே இல்லாமல் ஒன்று நனைந்திருந்தால் தண்ணீர்த் தட்டில் விழுந்திருக்கும். தட்டில் கூழாங்கற்களைப் போட்டு ஆழத்தைக் குறைத்துவிட்டால் சரி.

## தீவனம் எடுக்கவில்லை

வெளியே வந்த முதல் நாள் சாப்பிடாமல் நிற்பது பெரும்பாலும் பயம். வானம் புதிது, நிழல் புதிது, மேலே ஒரு காகம் பறந்தாலும் எல்லாம் உறைந்து நிற்கும். புரூடரில் பழகிய அதே தட்டையும் அதே தண்ணீர்க் குப்பியையும் கூடவே கொண்டுவந்து வையுங்கள். நிறமும் வடிவமும் மாறினால் சில குஞ்சுகளுக்கு அது தண்ணீர் என்றே தெரியாது. தண்ணீர் குடிக்காத குஞ்சு தீவனமும் எடுக்காது. ஆகவே முதலில் தண்ணீரைச் சரிபாருங்கள்.

மாலையில் ஒவ்வொன்றாகப் பிடித்து, கழுத்துக்குக் கீழே மார்பின் வலப்பக்கம் உள்ள தீவனப்பையைத் தடவுங்கள். நிறைந்து மெதுவாக, பிசைந்த மாவு போல இருந்தால் சாப்பிட்டிருக்கிறது, விட்டுவிடலாம். காலையில் தீவனம் வைக்குமுன் தடவினால் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கெட்டியாக உருண்டை போலவே இருந்தால் அடைத்துக்கொண்டிருக்கிறது. நீளப் புல்லை முதன்முதலாகக் கண்ட குஞ்சு அவசரமாக விழுங்குவதால் வருவது இது. நசநசவென்று நீர்கோத்து, வாயில் புளித்த நாற்றம் அடித்தால் உள்ளே புளித்துவிட்டது. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியத்தை முயலாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் முடிந்தது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வராமல் தடுக்க வழி சுலபம். புல்லைக் குட்டையாக வெட்டிய இடத்தில் விடுங்கள். குருணைத் தீவனம் மட்டும் தின்னும்வரை மணல் தேவையில்லை, ஆனால் புல்லும் பூச்சியும் தின்னத் தொடங்கினால் சிறுமணல் ஒரு கிண்ணத்தில் தனியாக இருக்க வேண்டும். கோழிக்குப் பல் இல்லை, அரைப்பது அரைவைப்பையில் உள்ள கற்கள்தான்.

பெரிய கோழிகளோடு சேர்த்துவிட்டீர்கள் என்றால் இன்னொரு வம்பு. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 4 சதவீதம் அளவுக்கு இருக்கும். வளரும் குஞ்சுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் போதும். தொடர்ந்து அதைத் தின்றால் சிறுநீரகம் பழுதாகும். எல்லோருக்கும் குஞ்சுத் தீவனத்தையே வைத்து, முட்டைக்கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் தகராறு இல்லை. தேவைப்படுவது தானாகப் போய்க் கொத்திக்கொள்ளும்.

## எச்சம் மாறியிருக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள். வெளியே வந்த குஞ்சைக் கொல்வதில் முதல் வரிசையில் நிற்பது ரத்தக்கழிச்சல். அதன் காரணமோ பாதி வானிலைதான்.

ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டை அநேகமாக எல்லா மண்ணிலும் இருக்கும். எச்சத்தோடு வெளியே வந்த முட்டை நோய் பரப்பும் நிலைக்கு வர அதற்குச் சூடும் ஈரமும் காற்றும் வேண்டும். மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாள் போதும். குஞ்சு அதைக் கொத்தி விழுங்கினால் குடல் சுவருக்குள் பெருகி, நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மறுபடி எச்சத்தில் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் எதிர்ப்பு சக்தி வளரும். மழைக்குப் பின் நசநசத்த கூளத்தில் ஒரே நேரத்தில் நிறையப் போனால் குடல் கிழியும். மூன்று முதல் ஆறு வார வயதில், அதாவது நாம் வெளியே மாற்றும் அதே சமயத்தில், இது அதிகம் தாக்குவது தற்செயல் அல்ல.

அறிகுறி: ஒன்றிரண்டு குஞ்சு முதுகை வளைத்து, இறகைச் சிலிர்த்து, கண் சொருகித் தூங்கி நிற்கும். கொண்டை வெளுக்கும். எச்சம் தண்ணீராக, சளியோடு, பிறகு ரத்தமாக வரும். ரத்தம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம், எல்லா வகையிலும் ரத்தம் தெரியாது. மறுநாளே வேறு இரண்டு சேர்ந்து நின்றால் அதுவே போதுமான சான்று.

ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பது வழக்கம். நோய்ப்பட்டது தீவனத்தை நிறுத்தினாலும் தண்ணீரைக் குடிக்கும் என்பதால்தான் தண்ணீரில். அளவு அட்டையில் உள்ளபடி, முடிந்தால் மருத்துவரைக் கேட்டு. மருந்துத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் எட்டக் கூடாது; கூண்டோரத்தில் மழைநீர் தேங்கியிருந்தால் மருந்தை விட்டுவிட்டு அதைத்தான் தேடிப் போகும். இந்த மருந்து பி1 வைட்டமினின் வேஷம் போட்டு ஒட்டுண்ணியை ஏமாற்றுவது. ஆகவே ‘தெம்புக்கு’ என்று அதே நாளில் வைட்டமின் கலவையும் ஊற்றினால் மருந்தின் வேலையை நாமே கெடுக்கிறோம். மருந்து கொடுத்து முடிந்தபின் வைட்டமின் கொடுக்கலாம்.

கூளத்தை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு இந்த முட்டைகள் அசராது. காய்ச்சலுக்குத்தான் பயப்படும், அதாவது வெயிலில் நன்றாகக் காய்வதற்கு. ஈரக் கூளத்தை வாரி எடுத்து, தரையைக் காயவிட்டு, புதுக் கூளம் போடுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் சரி. பெரும்பாலும் தண்ணீர்க் குப்பியைச் சுற்றித்தான் நனைந்திருக்கும். குப்பியைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஒரு செங்கல்மேல் ஏற்றிவைத்தாலே சிந்துவது குறையும்.

எல்லா மாற்றமும் நோய் அல்ல. சில எச்சங்களுக்கு ஒருமுறை பழுப்பாக, பிசுபிசுவென்று, மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றத்தோடு ஒன்று வரும். அது குருட்டுக்குடலிலிருந்து வரும் வழக்கமான எச்சம். வெயில் நாளில் அதிகம் குடிப்பதால் எல்லாவற்றுக்கும் தண்ணீராகப் போவதும் இயல்பு. ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள். அடைப்பைத் திறந்தபின் வெப்ப அளவைச் சரிபாருங்கள்.

பச்சையாகக் கழிந்து, மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சலாக (ராணிக்கெட் என்னும் வைரஸ் நோயாக) இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை, தடுப்பூசி மட்டுமே. வந்தபின் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மற்ற இடங்களுக்குக் கோழியையோ கூண்டையோ கொண்டுபோகக் கூடாது.

## தும்முகின்றன, கண்ணில் நீர்

காலையில் கூண்டைத் திறந்ததும் குனிந்து, குஞ்சின் உயரத்தில் மூச்சை இழுங்கள். உங்கள் மூக்கில் சுருக்கென்று நெடி ஏறினால் அம்மோனியா. எச்சமும் ஈரமும் சேர்ந்து கிளம்புவது அது. நின்றுகொண்டு மோந்தால் தெரியாது. கூளத்தை மாற்றி மேல்பக்கக் காற்றுவழியைத் திறந்தால், இரண்டு நாளில் எல்லாம் சேர்ந்து தேற வேண்டும். தேறாமல், மூக்கில் சளி, முகம் வீக்கம், கரகர மூச்சு என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவினால் தொற்று. பிரித்து வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு நாள் நுண்ணுயிர்க்கொல்லி, மறுநாள் வேறொன்று என்று கடையில் கேட்டு வாங்கி ஊற்றுவது வேண்டாம்.

## ஒன்றையொன்று கொத்துகின்றன

இடநெருக்கடி, வெக்கை, கடும் வெளிச்சம், புரதக் குறைவு, சலிப்பு. பெரும்பாலும் முதல் இரண்டு. ரத்தம் கண்ட குஞ்சை உடனே எடுத்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை நிறுத்தாது. பெரிய கோழிகள் கொத்துகின்றன என்றால், நடுவில் வலையை வைத்து ஒரு வாரமாவது முகம் பார்த்துப் பழக விடுங்கள். உடலளவு நெருங்கிய பிறகே ஒன்றாக விடுவது நல்லது. குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு சிறு வாசல் வைத்த மூலை இருந்தால் தப்பி ஓடிப் பிழைக்கும்.

## பொழுது சாய்ந்தும் கூண்டுக்குள் போகவில்லை

தாய் இல்லாமல் வளர்ந்த குஞ்சுக்கு வீடு எது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கொட்டகைக்கு வெளியே ஏதோ ஒரு மூலையில் மொத்தமாகக் குவிந்து உட்காரும். பனியும் பூனையும் இரண்டும் அங்கே வரும். கோலெடுத்து விரட்டினால் கொட்டகைமேல் பயம்தான் வளரும். மூன்று நான்கு நாள், முடிந்தால் ஒரு வாரம், வெளியே விடாமல் கொட்டகைக்குள்ளேயே வையுங்கள். தீவனம், தண்ணீர், தூக்கம் எல்லாம் அங்கே. அப்புறம் திறந்தால் இருட்டும்போது தானாகத் திரும்பும். முதல் சில மாலைகளில் உள்ளே மங்கலான விளக்கு ஒன்று எரிந்தால் வெளிச்சத்தை நோக்கி நடக்கும். ஏறுகம்பில் ஏறாமல் தரையில் படுத்தால் கவலை வேண்டாம், அது தானாக வரும்.

## பார்த்துப் பதறத் தேவையில்லாதவை

வெயிலில் ஒரு இறக்கையையும் ஒரு காலையும் நீட்டி, கழுத்தைச் சாய்த்து, செத்தது போலக் கிடப்பது: வெயில் காய்கிறது. மண்ணில் புரண்டு வெட்டி வெட்டி இழுப்பது: வலிப்பு அல்ல, மண்குளியல். கூண்டெங்கும் பஞ்சு பறப்பது: தூவி உதிர்கிறது. ஒற்றைக் காலில் நிற்பது, கொட்டாவி விடுவது போலக் கழுத்தை நீட்டி நீட்டித் தீவனத்தை இறக்குவது, இதெல்லாம் அன்றாடம். ஆனால் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக விரிந்து, கிட்டே போனாலும் எழ முடியாமல் கிடந்தால் அது நரம்பைத் தாக்கும் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதை வெயில் காய்வதோடு சேர்க்காதீர்கள்.

## உள்ளே எடுத்துவந்த குஞ்சை மறுபடி எப்போது விடுவது?

தேறிவிட்டது என்று நேராகப் பழைய இடத்துக்கு அனுப்பினால் மறுபடி விழும். நோயோ குளிரோ கண்ட குஞ்சு பழக்கத்தை இழந்துவிடும். இரண்டு நாள் ஒழுங்காகத் தின்று, எச்சம் கெட்டியாக வந்தபின், பெட்டியின் வெப்பத்தைப் படிப்படியாக இறக்குங்கள். வெளி வெப்பத்துக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரியாகக் குறைந்த பிறகு, காற்றும் மழையும் இல்லாத நாளாகப் பார்த்து அரை மணி நேரம் விடுங்கள். தனியாக விடாதீர்கள், துணைக்கு இன்னொன்றும் போகட்டும். ஒற்றைக் குஞ்சு கத்தியே சோர்ந்துபோகும். நன்றாக இருந்தால் மறுநாள் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள், பிறகு முழுப் பகல். இரவு கடைசியில். இறகு முழுதாக மூடியிருந்து, இரவின் குறைந்த வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், கூளம் காய்ந்திருந்தால் விளக்கில்லாமல் விடலாம். முதல் இரவு மட்டும் தூங்கப்போகுமுன் ஒருமுறை கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். தோளோடு தோள் ஒட்டி வரிசையாகப் படுத்திருந்தால் விட்டுவிடலாம். மேலேறிக் குவிந்திருந்தால் அன்றிரவு உள்ளே எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் அந்தத் தூவி நூலோடு கூண்டை ஒருமுறை சுற்றி வாருங்கள்.